சுற்று

பைசாந்தூ. ஆற்றங்கரையில்
கம்பளி கழுவும் கொட்டகை.
இரவு மூன்றேகாலுக்கு டிரம்கள் நிற்கும், கால்மணி நேரம்.
கவிழ்த்த பெட்டிகளில் ஐந்து பேர் உட்காருவோம்.
ஒரு சுரைக்குடுவை. அதில் ஒரே குழல்.
மாத்தே ஊற்றுவது எல்பியோ.

தெர்மாஸ் அவன் கக்கத்தில் இருக்கும்.
எதைப் பேசுவது என்பதும் அங்கேயே இருக்கும்.
ஸுல்மா குடுவை கையில் உள்ளவரைதான் பேசுவாள்.
குழல் கொரகொரத்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவாள்;
மீதி அடுத்த சுற்றில், சில சமயம் மறுநாள்.
அனிபால் ஜோக்குக்கு எல்லோரும் சிரிப்போம்,
அவன் மச்சான் மேஸ்திரி.

யோஸ்வானி கியூபாக்காரன்.
முதல் இரவு குடுவையை வாங்கி
கசப்பை முகத்தில் காட்டாமல் குடித்துத்
திருப்பித் தரும்போது சொன்னான்: "நன்றி."
நல்ல வளர்ப்பு.

எங்கள் ஊரில், குடுவையைத் தரும்போது சொன்னால்,
அந்தச் சொல்லுக்குப்
போதும், இனி எனக்கு வேண்டாம் என்று பொருள்.
எல்பியோவின் கை அவனைத் தாண்டியது.
மறுநாளும் தாண்டியது,
பந்தியில் ஒருவன் இலையை மட்டும் விட்டுவிட்டு
வாளி நகர்வதுபோல.
கை தாண்டிய இடத்தைக் கண் தாண்டிற்று,
கண் தாண்டிய இடத்தைப் பேச்சு.

பதினோராம் நாள்
ஞாயிறு ஷிப்ட் யாருக்கு என்று வந்தது.
"எல்லோருக்கும் சரிதானே?" என்றான் எல்பியோ.
நான்கு தலைகள் ஆடின, அது எல்லோரும் ஆயிற்று.
ஞாயிறு யோஸ்வானிக்கு விழுந்தது.
அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து
மறுபடி கட்டிக்கொண்டான்.

அவனுக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று நாங்கள்.
எங்களுக்கு அவனை என்று அவன்.
எனக்கு முதல் இரவே புரிந்திருந்தது.
ஊற்றுகிறவனைத் திருத்துவது என் வேலையா
என்று இருந்துவிட்டேன்.
இப்படிச் சொன்னால் அடக்கம் மாதிரி இருக்கிறது.
பயம்.
அந்தக் கை என்னையும் தாண்டத் தெரிந்த கை.

ஏப்ரலில் எல்பியோவுக்குக் குடலிறக்கம், ஆபரேஷன்.
தெர்மாஸ் எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது.
அன்றே நான் சொன்ன மொக்கை ஜோக்குக்கு
அனிபால் தொடையைத் தட்டிச் சிரித்தான்.
எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் குடுவை எனக்கு, பிறகு ஸுல்மா, அனிபால்.
அப்புறம் கையை நீட்டினேன்.
யோஸ்வானி பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.
வாங்கினான்.
வாங்கிக் குழலைக் கரண்டிபோலப் பிடித்துக் கலக்கினான்.
அதைச் செய்யவே கூடாது.
அனிபால் கண்ணை மூடிக்கொண்டான்.
கையில் குடுவை இல்லாமலே ஸுல்மா பேசினாள்:
"கலக்காதே. நன்றியும் சொல்லாதே. சொன்னால் திரும்ப வராது."

"இவ்வளவுதானா?" என்றான்,
"ஐம்பது இரவு."

பிறகு அவனை நிறுத்த முடியவில்லை.
இரண்டாம் டிரம் பெல்ட் தளர்ந்திருக்கிறது,
வந்த வாரமே அவன் காதில் பட்டதாம்.
ஞாயிற்றுக்கிழமை லாரியே வருவதில்லை,
எதற்கு ஒருவன் வந்து கம்பளிக்குக் காவல் இருக்க வேண்டும்?
மாதக்கணக்காய் நாங்கள் ஒவ்வொருவரும்
தனித்தனியே நினைத்துக்கொண்டிருந்தது அது.
தண்ணீர் ஆறிப்போயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை.

மே மாதம் எல்பியோ வந்தான்,
ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி.
தெர்மாஸைக் கேட்கவில்லை.
கக்கத்தைக் கொஞ்சம் திறந்தான். நானே வைத்துவிட்டேன்.

ஸுல்மா. அனிபால். நான்.
நான் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே
குடுவைக்குக் கை நீட்டினான்,
அடுத்தது தன் முறை என்று.
நாங்கள் மூவரும் டிரம்மைப் பார்த்தோம்,
நின்றிருந்த டிரம்மை.

"எனக்கும்" என்றான் யோஸ்வானி.

தெர்மாஸின் வாய் சாய்ந்தபடி நின்றது. ஒரு சொட்டு விழுந்தது.
"வேண்டாமென்று சொன்னவன்தானே?" என்றான் எல்பியோ,
அவனிடம் இல்லை, எங்களிடம்.

அனிபால் செருமினான்.
ஸுல்மாவின் கையில் குடுவை இல்லை.
என் கையில் இருந்தது,
அடியில் இன்னும் ஒரு வாய் மிச்சம்.